எனக்கு மட்டும் தெரியாத பம்மல் தாத்தா

டேய் கண்ணா, இந்தக் கடிதத்தை உன்னைத் திட்டுவதற்காகத்தான் ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் திட்டி எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் எனக்கே பொருந்தியது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். என் அம்மாவின், உன் ஆயாவின், காரியம் முடிந்து இன்றோடு மூன்று நாள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் கனடாவிலிருந்து உன்னால் கிளம்ப முடியவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லலாம்தான். ஆனால் ஃபோனில் இதைப் பேச ஆரம்பித்தால் நான் கத்திவிடுவேன் என்று உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும், இந்தச் செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். நான் கத்துவேன் என்ற பயத்தில் இந்த வீட்டில் என்னென்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட அதிர்ச்சியே எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அன்று காலை ஆறு மணிக்கு ஆயா எழுந்தாள். பல் விளக்கினாள், காப்பி கேட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாடி இது, சக்கரைய போட்டியா, காமிச்சிட்டு மட்டும் வந்துட்டியா?" என்று உன் அம்மாவை வம்புக்கு இழுத்தாள். பாதி டம்ளரைக் கீழே வைத்தாள். அப்படியே தலையணையில் சாய்ந்தாள், அவ்வளவுதான். எண்பத்தொன்பது வயது, படுக்கையில் ஒரு நாள்கூடக் கிடக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கல்யாணச் சாவு, கொடுத்து வைத்தவள் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அழுகைகூட நிதானமாகத்தான் வந்தது. ஏழரை மணிக்கு உனக்கு ஃபோன் போட்டேன். நீ சத்தம் போட்டு அழுதாய். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, ரொம்ப சாதாரணமாக ஒன்று கேட்டாய். "அப்பா, பம்மல் தாத்தாவுக்குச் சொல்லியாச்சா?"

எந்தப் பம்மல் தாத்தா என்று நான் கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து 'ஹலோ ஹலோ' என்று கத்தினேன். பிறகு நீ மெதுவாக, "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாய். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா சமையலறை வாசலில் நிற்கிறாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. கையில் ஃபோனை வாங்கிக்கொள்ளவே இல்லை. அந்த நேரம் பார்த்து, ஆயாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "பொறந்த வூட்டுக் கோடிக்கு ஆள் அனுப்பிட்டியாப்பா? வெயிலுக்கு முன்ன எடுக்கணுமே" என்று குரல் கொடுத்தாள்.

உங்கள் தலைமுறைக்கு இது தெரியுமோ என்னவோ, சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால், அவளுக்கு எத்தனை வயதானாலும், பேரன் பேத்தி எடுத்திருந்தாலும், பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ ஒரு கோடிப் புடவை கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் தூக்கலாம். அந்த வீட்டுக்கு ஃபோனில் சொல்லக் கூடாது, நேரில் ஆள் போய்ச் சொல்ல வேண்டும். பெரியம்மாவிடம் நான் ரொம்பத் தெளிவாகச் சொன்னேன், "அம்மா வீட்டுல யாரும் இல்ல பெரியம்மா. மாமா ஒருத்தர் இருந்தாரு. பம்பாய் போனவரு, அப்பவே காலமாயிட்டாரு." காலமானார் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானே எப்போதோ முடிவு செய்துகொண்டது அது. உன் அம்மா என் பக்கத்தில் வந்து, என் கண்ணைப் பார்க்காமல், "மாமா இருக்காருங்க. பம்மல்லதான் இருக்காரு. ஸ்கூட்டர் சாவி எடுங்க" என்றாள்.

இங்கே நான் நிறுத்தி, உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நீ ஆயாவிடமிருந்து இதைக் கேட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன், அவள் சொல்லியிருக்க மாட்டாள். என் கல்யாணம் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டு மேலேயே இருந்த ஒரு மண்டபத்தில் நடந்தது. எனக்கு அப்போது முப்பது வயது. நல்ல ஆபீசில் வேலை, முன்வரிசையில் என் மேனேஜர், அவருக்குப் பக்கத்தில் உன் அம்மாவின் வீட்டுப் பெரிய மனிதர்கள். என் அம்மாவின் ஒரே தம்பி, என் தாய்மாமன், சீர்த் தட்டோடு வந்தார். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போக வேண்டியவர் அவர். பம்மல் டேனரியில் தோல் ஊறவைக்கும் தொட்டியில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து, குளித்து, புது வேட்டி கட்டி வந்திருந்தார். ஆனால் அந்த வாடை சோப்புக்குப் போகாது. விரல் நகமெல்லாம் நீலம் பாரித்திருக்கும். மாப்பிள்ளை அறையில் அவரை நிறுத்தி நான் சொன்னேன், "மாமா, தப்பா நினைக்காதீங்க. தட்டை அம்மாகிட்ட குடுத்துட்டு நீங்க பின்னாடி உக்காந்துக்கோங்க. வாடை அடிக்குது. எங்க மேனேஜர் வந்திருக்காரு."

இதை எழுதும்போது கை கூசுகிறது. தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுச் சொன்னேன் பார், அதுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை. மாமா தட்டைக் கீழே வைத்தார். மோதிரத்தை என் அம்மாவின் கையில் கொடுத்தார். சாப்பிடாமல் போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் கண்ணாடியில் நெற்றிப் பட்டத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன். நாலைந்து மாதம் கழித்து, "எந்தம்பி குடும்பத்தோட பம்பாய் போயிட்டாண்டா, அங்க வேல கெடச்சிருக்காம்" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. முகவரி என்ன என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட, உன் தம்பி எப்படி இருக்கிறான் என்று என் அம்மாவிடம் நான் கேட்கவில்லை. எட்டு கிலோமீட்டருடா கண்ணா. செம்பாக்கத்திலிருந்து பம்மலுக்கு எட்டு கிலோமீட்டர்கூட முழுசாக இருக்காது.

அன்று ஸ்கூட்டரில் உன் அம்மா பின்னால் உட்கார்ந்து வழி சொன்னாள். குரோம்பேட்டை தாண்டி, பம்மல் மெயின் ரோட்டில் திரும்பியதும், "அடுத்த லெஃப்ட்... இல்லல்ல, அந்த லேத் பட்டறை தாண்டி... இப்ப ரைட்டு, மெதுவா, ஸ்பீடு பிரேக்கர் இருக்கு" என்கிறாள். ஸ்பீடு பிரேக்கர்வரை தெரிந்து வைத்திருக்கிறாள்! எனக்கு அம்மா செத்த துக்கம் ஒரு பக்கம், பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்ற திகைப்பு ஒரு பக்கம். மாதம் இரண்டு தடவை பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போகிறோம் என்று மாமியாரும் மருமகளும் கிளம்புவார்களே, அதெல்லாம் இந்த வழிதான். பிரதோஷம் எப்படி எப்போதும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வருகிறது என்று ஒரு நாளாவது நான் காலண்டரைப் பார்த்திருக்க வேண்டாமா? பேப்பரில் ராசிபலனை மட்டும் ஒரு எழுத்து விடாமல் படிப்பேன்.

ஒரு சின்ன ஓட்டு வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். எண்பத்து நாலு வயது, சுருங்கிப் போயிருந்தார், ஆனால் நெற்றியும் மூக்கும் அப்படியே என் அம்மா. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார். "அக்கா பூட்ச்சா?" என்றார். நான் தலையாட்டினேன். திட்டப் போகிறார், வெளியே போடா என்று சொல்லப் போகிறார் என்று நின்றேன். அவர் இரண்டு கையாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா மாப்ள. இத்தினி வருசம் கூச்சப்பட்டுக்கினே இருந்தியே, இப்பவாவது வந்தியே" என்று அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தன் இடுப்பு வேட்டியைத் தொட்டுக் காட்டி, "பாரு, போன தீவாளிக்கு நீ குடுத்தனுப்புனது. இன்னிக்கிதான் கட்டியிருக்கேன்" என்றார்.

நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். முப்பத்தொரு தீபாவளி, முப்பத்தொரு பொங்கல், ஒவ்வொன்றுக்கும் என் பெயரைச் சொல்லி என் அம்மா அவருக்கு வேட்டி சட்டை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். "அவன் வாங்கிக் குடுத்தான், அன்னிக்கிப் பேசுனதுக்கு மூஞ்ச காட்ட வெக்கப்படறான், நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத." மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது நான் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேனாம். கடைசி நாலு வருஷமும் நீ உன் சம்பளத்தில் வாங்கி, கனடா போகும்வரை நீயே கொண்டுபோய், "அப்பா குடுக்கச் சொன்னாரு தாத்தா" என்று கொடுத்திருக்கிறாய். கனடா போன பிறகும் அம்மாவுக்குச் சொல்லி வாங்க வைத்திருக்கிறாய். உன்னைத் திட்ட ஆரம்பித்தேன் என்றேனே, இதற்குத்தான். வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் சேர்ந்து ஒரு நல்ல மருமகனைத் தயார் செய்து பம்மலில் வைத்திருக்கிறீர்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்!

கோடிப் புடவையை மாமா கடைக்குப் போய் வாங்கவில்லை. பீரோவில் தயாராக இருந்தது. பச்சையில் அரக்குக் கரை போட்ட சுங்குடிப் புடவை. போன வருஷமே உன் ஆயா தாம்பரம் மார்க்கெட்டுக்கு அவரை அழைத்துப் போய், கடைக்காரனைப் பத்து புடவை பிரிக்க வைத்து, தானே பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். "சாவு வூட்டுப் பொடவன்னு சொல்லிடாத, கொறஞ்ச வெலையில ஒண்ண எடுத்து நீட்டிடுவான்" என்றாளாம். மாமா அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "எனக்குச் சேதி வராம பூடுமோன்னு பயந்துக்கினு இருந்தேன் மாப்ள. அக்காதான் சொல்லிச்சு, எம் பையன் மறந்தாலும் எம் பேரன் ஞாபகப்படுத்துவான்னு." அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, தன் சாவுச் செய்தி தம்பிக்குப் போய்ச் சேர என் அம்மா நம்பியிருந்தது என்னை அல்ல, உன்னை. கடலைத் தாண்டி இலங்கையில் இருந்தால்கூடப் பரவாயில்லை, நீ பூமிக்கே அந்தப் பக்கம் இருக்கிறாய். பக்கத்து அறையில் இருந்த என்னை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

இத்தனை நாளாக அவளைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்தேன். பதினாறு வயதில் பம்மலிலிருந்து கல்யாணமாகி இந்தச் செம்பாக்கம் ஏரிக்கரைக்கு வந்தாள். எங்கள் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது நான் ஒன்பதாம் வகுப்பு. நாலு எருமையை வைத்துக்கொண்டு, தூக்குப் பாத்திரத்தில் பால் எடுத்துக்கொண்டு, தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸ்வரை நடந்தே போய் ஊற்றி என்னைப் படிக்க வைத்தாள். நிலமெல்லாம் மனையாகிக் கொண்டிருந்த காலத்தில் ஒரு புரோக்கர் தாளை நீட்டி ரேகை வைக்கச் சொன்னபோது, "மொதல்ல படிச்சி காட்டு, அப்பறம் எம்மவன் வந்து திருப்பிப் படிக்கட்டும், ரெண்டும் ஒண்ணா கீதான்னு பாத்துட்டு வெக்கிறேன்" என்றாள். எழுபது வயதுக்கு மேல் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு உன்னோடு வந்து, நீர்யானையைப் பார்த்து, "நம்ம எருமைங்களுக்கு இத்தினி தீனி போட்டிருந்தா அதுவும் இப்டித்தான் ஆயிருக்கும்" என்றாள். வெள்ளம் வந்த வருஷம் மொட்டை மாடியில் தெருவுக்கே சோறு பொங்கினாள். எண்பத்தேழு வயதில் உன்னோடு வீடியோ காலில் பேசக் கற்றுக்கொண்டாள். இவ்வளவையும் நான் பெருமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கே போகிறாள் என்று தெரியாது. நிறைவாழ்வு என்று பத்திரிகையில் போட்டோம், அந்த வாழ்க்கையில் நான் பார்த்தது பாதிதான்.

மீதியைக் கேள். அன்று மாமா வந்து கோடி போர்த்தினார், நல்லபடியாக எல்லாம் முடிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில், கொள்ளி வைத்தவனுக்குத் தாய்மாமன் புதுத் துண்டில் உருமால், அதாவது தலைப்பாகை, கட்ட வேண்டும். அதற்கு முறைப்படி அழைக்க, ஒன்பதாம் நாள் நானும் உன் அம்மாவும் மறுபடி பம்மல் போனோம். ஒரு வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செய்யாத நல்லதற்கெல்லாம் ஒரு கிழவர் என்னைக் கொஞ்சுகிறார், அதை வாங்கிக்கொண்டு எப்படி இருப்பது? வழியிலேயே உன் அம்மாவிடம் சொன்னேன். "வேணாங்க. அத்தை இத்தனை வருஷம் கட்டுனது. கை வைக்காதீங்க" என்றாள். நான் கேட்டேனா? என் குணம் தெரியுமே. மாமா எனக்குத் தன் கையால் காப்பி ஆற்றிக் கொடுக்கும்போது, "மாமா, அதெல்லாம் நான் அனுப்பல. எனக்குத் தெரியவே தெரியாது. அம்மாதான் எம் பேரைச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று போட்டு உடைத்தேன்.

கண்ணா, அந்த முகத்தை நீ பார்க்காதது நல்லது. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். என் மனசைத்தான் நினைத்தேன், அவர் மனசை அல்ல. மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு வாட்டிகூட இல்லியா?" என்றார். இல்லை மாமா என்றேன். "கண்ணு ஆப்ரேசனுக்கு வந்தியே, ஆஸ்பத்திரி வாசல்ல?" இல்லை மாமா. "மொத தீவாளிக்கு? சிவப்பு கரை போட்டு ஒண்ணு..." இல்லை மாமா. அவர் சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க நான் ஒவ்வொன்றையும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் எழுந்து உள்ளே போய்விட்டார். கல்யாண மண்டபத்தில் செய்ததை ஒரே நிமிஷத்தில் செய்தேன். அதை முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து என் அம்மா சரி செய்தாள். அதையும் நான் ஒரே நிமிஷத்தில் உடைத்தேன். 

தை மாதம் உனக்குக் கல்யாணம். தான் போனாலும் தள்ளிப் போடக் கூடாது என்று ஆயாவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், அதனால் நாள் மாறாது. உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் அப்பனாக ஒன்று சொல்கிறேன். கத்துகிறவனிடம் வீட்டில் யாரும் எதையும் மறைக்க முடியாது என்று நான் நினைத்திருந்தேன். அவனிடம்தான் எல்லாவற்றையும் மறைப்பார்கள். உன் வீட்டுக்கு வரப்போகிற பெண் ஒரு செய்தியை உன்னிடம் சொல்வதற்கு முன்னால் உன் முகத்தைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளாதே. என்னையும் நீ இனிமேல் அப்படிப் பார்க்க வேண்டாம். எதுவாக இருந்தாலும் சொல்லு, கத்தினால் ஃபோனை வைத்துவிடு, நானே திரும்பக் கூப்பிடுகிறேன்.

பதினாறாம் நாள் ஏரிக்கரை மண்டபத்தில் மொட்டைத் தலையோடு ஈரவேட்டியில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குக் கட்ட வேண்டிய உருமால். மாமா வரவில்லை. பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. ஐயர், "சார், வேற பெரியவா யாராவது கட்டிடட்டுமே" என்றார். வேண்டாம், காத்திருக்கிறேன் என்றேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன், வராவிட்டால் அந்த வெறுந்தலையோடு போவதுதான் எனக்கு நியாயம் என்றும் நினைத்தேன். பதினொன்றரைக்கு ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து புதுத் துண்டை எடுத்து உதறி, என் தலையில் சுற்றினார். இறுக்கித்தான் கட்டினார். முடிச்சுப் போட்டுவிட்டு என் காதருகே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "இது எங்க அக்காவுக்கோசரம் கட்டறேன். உனுக்கோசரம் இல்ல. உனுக்குன்னு எதுனா வோணும்னா, அது இனிமே நீயா வந்து சேத்துக்கிறதுதான்."

சாப்பிட்டாரா என்று கேட்பாய். மோர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் ஆட்டோவரை பின்னாலேயே போனேன், திரும்பிப் பார்க்கவில்லை.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. உன் அம்மா தானும் வருவதாகச் சொன்னாள். நான் தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அங்கே போய் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. என் அம்மா அவரிடம் சொன்ன பொய்யில் ஒரு மருமகன் இருந்தானே, அவன் ரொம்ப நல்லவன், மாமாவுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. அவனை அவரிடமிருந்து பிடுங்கியது நான்தான், அந்த இடத்துக்கு நானே போய் நின்றுதான் ஆக வேண்டும். எனக்கு அறுபத்தொன்று, அவருக்கு எண்பத்து நாலு. கதவைத் திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறு போவேன்.

அப்பா